மரியாதை முற்றிய ஊர்

அன்சுமானா சன்யாங்கும் சாலியு ஃபாயும் ஒருவரோடு ஒருவர் மரியாதையாகப் பேசத் தொடங்கிய அன்றுதான் தாம்பிசாரா ஊருக்குப் பயம் பிடித்தது.

அதற்கு முன்னால் அவர்கள் பேசிக்கொண்டதையெல்லாம் எழுதினால் தாள் கூசும். காலையில் ரொட்டி அடுப்படியில் பார்த்ததும், "வாடா என் அடிமை, நேத்து ராத்திரி யார் வீட்டுச் சோத்துப் பானையத் திருடினே?" என்று சாலியு ஆரம்பிப்பார். "எஜமான் வர்றது கண்ணுக்குத் தெரியலையாடா கம்பங்கூழு? எந்திரிச்சு நில்லு!" என்று அன்சுமானா திருப்பிக் கொடுப்பார். ரொட்டிக்காரன் சிரித்துச் சிரித்து ரொட்டியைக் கருக்கிவிடுவான். கருகிய ரொட்டி யார் தலையில் என்று அதற்கு ஒரு சண்டை நடக்கும்.

அன்சுமானா சோறு தின்னும் ஜோலா இனம், சாலியு கம்பு தின்னும் செரேர் இனம். ஆதியில் அக்காளும் தங்கையும் ஒரே தோணியில் போனார்களாம். நடுக்கடலில் தோணி இரண்டாகப் பிளந்ததாம். வடக்கே கரையேறியவள் செரேர்களைப் பெற்றாள், தெற்கே கரையேறியவள் ஜோலாக்களைப் பெற்றாள். அந்த உறவை வைத்துக்கொண்டு இவன் அவனை அடிமை என்பான், அவன் இவனைத் திருடன் என்பான். தட்டில் இருக்கும் மீனை உரிமையோடு எடுத்துத் தின்பான். மச்சான் முறைக்காரன் கேலி பேசினால் யாராவது ரோஷப்படுவார்களா? இதுவும் அப்படித்தான். அது மட்டுமல்ல, இந்தக் கேலிமுறைக்காரன் வாய்விட்டு ஒன்று கேட்டுவிட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. சொன்னவனுக்கு ஊரில் முகம் இருக்காது.

இப்படிப்பட்ட இரண்டு பேர், போன வார்டுத் தேர்தலுக்குப் பிறகு, "காலை வணக்கம், திரு. ஃபாய் அவர்களே", "தங்களுக்கும், திரு. சன்யாங் அவர்களே" என்று பேசிக்கொண்டால் ஊர் பயப்படாமல் என்ன செய்யும்?

போன தேர்தலில் நடந்தது இதுதான். இந்த நாட்டில் ஓட்டு என்பது சீட்டு அல்ல, கட்சி நிறப் பீப்பாயில் போடும் ஒரு கோலிக்குண்டு. கோலிக்குண்டு போட்ட தகரப் பீப்பாய்களை லாரியில் ஏற்றிப் பெரிய டவுனுக்கு எண்ண அனுப்பினார்கள். வழியில் லாரி டயர் வெடித்தது. விடிந்த பிறகுதான் முடிவு வந்தது. சிவப்புக் கட்சி ஜெயித்தது என்றார்கள். நீலக் கட்சிக்காரர்களோ, டயர் வெடித்த இடத்தில் பீப்பாயும் திறந்தது என்றார்கள். டயர் வெடித்ததே நீலக்காரன் போட்ட ஆணியில்தான் என்றார்கள் சிவப்புக்காரர்கள். யாரும் எதையும் பார்க்கவில்லை. பார்க்காததால் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. அன்று காலையிலேயே சிவப்புக்காரர் அன்சுமானாவும் நீலக்காரர் சாலியுவும் மரியாதைக்கு மாறிவிட்டார்கள். அன்று சாயங்காலம் கடற்கரையில் மீன் புகைபோடும் கொட்டகைகள் எரிந்தன. ஒன்று ஜைனபா கெய்த்தாவின் அக்காவுடையது. எந்தக் கட்சிக்காரன் கொளுத்தினான் என்று இன்றுவரை தெரியாது. அக்கா அதற்குப் பிறகு கடற்கரைப் பக்கமே போகவில்லை.

ஜைனபா பள்ளிக்கூடத்து டீச்சர். கோபக்காரி. கோபத்தை வீணாக்காத கோபக்காரி. நாலு டீச்சர்கள், சில மீன்காரிகள், ஒரு தையல்காரர் என்று ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு, "போட்ட இடத்திலேயே எண்ணு" என்று கிளம்பிவிட்டாள். ரேடியோவில் பேசினாள். சந்தையில் பெட்டியின் மேல் ஏறி நின்று கத்தினாள். தேர்தல் ஆணையத்தின் வாசலில் மழையில் நனைந்துகொண்டு நின்றாள். "டீச்சருக்குக் கோலி விளையாட ஆசை" என்று சிவப்பும் நீலமும் ஒற்றுமையாகக் கேலி செய்தன. இரண்டும் ஒற்றுமையாக இருந்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

ஆணையம் கடைசியில் இறங்கி வந்தது. தாம்பிசாரா வார்டு உறுப்பினர் காலமாகி இடைத்தேர்தல் வந்தபோது, சின்ன வார்டு, ஒரே சாவடி, அங்கே ஒரு தடவை செய்து பார்ப்போம் என்றது. வேடிக்கையைப் பாருங்கள், சிவப்புக்கு அன்சுமானா நின்றார், நீலத்துக்கு சாலியு நின்றார்.

ஆணையத்திலிருந்து வந்த சோவே, லாரியோடுதான் வந்தார். "டீச்சர், சுத்தமாச் சொல்லிடறேன். எண்ணி முடிச்சதும் வேட்பாளர் ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். போட்டா அடுத்த வருஷம் நாடு முழுக்க இதுதான் முறை. ஒருத்தர் மாட்டேன்னாலும் பீப்பாய் லாரியில ஏறும். அப்புறம் இந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் வாய் வராது."

"போடுவாங்க சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

"சொல்றதுக்கு என்ன? வேண்டிக்கிட்டுச் சொல்றேன்."

தேர்தல் அன்று கிழக்கு வெளுக்கும் முன்பே பள்ளிக்கூட வாசலில் வரிசை நின்றது. ஆட்கள் அல்ல, கற்கள். ஆளுக்கொரு கல்லை வைத்து இடம் பிடித்துவிட்டு, தொழுகைக்கும் தேநீருக்கும் போயிருந்தார்கள். கல் கிடைக்காதவர்கள் செருப்பை வைத்திருந்தார்கள். ஒரு கெட்டில்கூட நின்றது. ஜைனபா விளக்கைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசையைப் பார்த்தாள். அது வேப்பமரத்தைச் சுற்றிக் கிணறு வரைக்கும் போயிருந்தது. இத்தனை கல்லும் இன்றைக்கு வரிசையில் நிற்கிறது, யார் கையிலும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

சாவடி அதிகாரி அவள்தான். வேட்பாளர்கள் முன்னிலையில் சிவப்புப் பீப்பாயையும் நீலப் பீப்பாயையும் கவிழ்த்துக் காட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை. அடியில் மரத்தூளைப் பரப்பினாள். மேல் மூடியில் இருக்கும் குழாய் வழியாகக் கோலி விழும்போது உள்ளே தொங்கும் மணியில் ஒரே ஒரு தடவை பட வேண்டும். பட்டு மரத்தூளில் விழுந்து அடங்க வேண்டும். ஒரு ஆள், ஒரு கோலி, ஒரு மணிச்சத்தம். திரைக்குப் பின்னால் அவன் யாருக்குப் போட்டான் என்று தெரியாது. ஒன்றுக்கு மேல் போட்டால் மட்டும் ஊருக்கே தெரியும். எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் ஒரே கோலி.

இந்த மணியினால்தான் தேர்தல் நாளில் சாவடிப் பக்கம் சைக்கிள் வரக் கூடாது. கான்ஸ்டபிள் முந்தின நாளே தெருத்தெருவாகப் போய் சைக்கிள் மணிகளைக் கழற்றி ஒரு சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார். ரொட்டி வண்டி மணி, ஐஸ்காரன் மணி, ஒன்றையும் விடவில்லை. "டீச்சர், இந்த ஊர்ல இப்ப மணின்னு இருக்கறது உங்க ரெண்டு பீப்பாய்லதான்" என்று மார்தட்டினார்.

"தங்கள் பீப்பாய் சுத்தமாக இருப்பதைக் கண்டேன், திரு. ஃபாய் அவர்களே" என்றார் அன்சுமானா.

"தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி" என்றார் சாலியு.

இரண்டு பேரும் பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்தார்கள். நடுவில் நாலு பேர் படுக்கலாம்.

மத்தியானம் வரை மணி அழகாக அடித்தது. விரலில் மை, கையில் கோலி, திரைக்குப் பின்னால் ஒரு 'டிங்'. சாயம் தோய்க்கும் பெண்கள் வந்தார்கள், கல்யாணத்துக்குப் போவதுபோல் உடுத்தி வந்தார்கள். படகுக்காரர்கள் ஈரக் காலோடு வந்தார்கள். மாதக்கணக்காகப் படுத்த படுக்கையாக இருந்த ஒருவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள், அவர் கோலியைப் போட்டுவிட்டு எழுந்து நடந்தே போனார். சிரிப்பும் கூச்சலுமாகப் பள்ளிக்கூடம் அதிர்ந்தது.

வெயில் உச்சிக்கு வந்தபோது ஒரு மல்யுத்தக்காரன் திரைக்குப் பின்னால் போனான்.

டிங்.

டிங்.

வரிசை எட்டிப் பார்த்தது. மல்யுத்தக்காரன் வெறுங்கையை விரித்துக்கொண்டு வெளியே வந்தான். அவன் கையில் மைதான் இருந்தது.

அன்சுமானா மெதுவாக எழுந்தார். "மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களே, மணி இருமுறை ஒலித்ததாக எனக்குத் தோன்றுகிறது."

"திரு. சன்யாங் அவர்களின் செவிகளில் எனக்குப் பெருமதிப்பு உண்டு. எனினும் அவை இன்று தவறிழைத்திருக்கலாம்" என்றார் சாலியு.

அவர்கள் மரியாதை ஏற ஏற வெளியே சத்தம் ஏறியது. "நீலக்காரன் ரெண்டு போட்டான்!" என்று ஒருவன் கத்தினான். "நீ பாத்தியா? போட்டது சிவப்புல!" என்று இன்னொருவன் பாய்ந்தான். மல்யுத்தக்காரன், "எவன்டா அவன், என் சட்டைப்பைய வந்து தடவிப் பாரு!" என்று மார்பை நிமிர்த்தினான். தடவிப் பார்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை. ஜைனபா நாற்காலியின் மேல் ஏறி, "எல்லாரும் வாய மூடுங்க!" என்று வகுப்பில் போடும் சத்தத்தைப் போட்டாள். ஊரில் பாதிப்பேர் அவளிடம் படித்தவர்கள். வாய் தானாக மூடியது.

அந்த அமைதியில், திரைக்குப் பின்னால் யாருமே இல்லாதபோது, மறுபடியும் ஒரு மணி.

டிங்.

ஜைனபா பாய்ந்து திரையை விலக்கினாள். பின்பக்க ஜன்னலில் ஒரு பெரிய வெள்ளைக் கிடா தலையை நீட்டிக்கொண்டு நின்றது. கழுத்தில் பளபளவென்று ஒரு பித்தளை மணி. வாயில், எங்கிருந்தோ கிழித்துக்கொண்டு வந்த நீலக் கட்சிச் சுவரொட்டி. சாலியுவின் முகம் மூக்கு வரைக்கும் உள்ளே போய்விட்டது. மீதி இருந்த நெற்றியையும் கிடா அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அது அன்சுமானாவின் கிடா. பெயர் மந்திரி. பெருநாளுக்காக வளர்ப்பது. திருட்டுக்குப் பயந்து அவரே போன வாரம் மணி கட்டியிருந்தார். ஊரிலிருந்த சைக்கிள் மணியையெல்லாம் பிடுங்கிய கான்ஸ்டபிளுக்கு மந்திரியின் கழுத்து ஞாபகம் வரவில்லை. பாவம், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தொப்பியைச் சரிசெய்தார்.

அப்போதுதான் சாலியுவின் வாயிலிருந்து அது வந்தது. இரண்டு வருஷமாக அடக்கி வைத்தது, அவரையும் மீறி வந்துவிட்டது. "ஏண்டா அடிமை, சோத்துக்கு அலையற ஜோலா வீட்டுல ஆடு வேற என்னத்தைத் திங்கும்? என் மூஞ்சியாவது கிடைச்சுதே அதுக்கு!"

வரிசை வெடித்துச் சிரித்தது. சிவப்புக்காரனும் நீலக்காரனும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஜைனபா சிரிக்கவில்லை. அவள் அன்சுமானாவின் முகத்தையே பார்த்தாள். சொல்லுங்கண்ணே, ஒரு வார்த்தை திருப்பித் திட்டுங்க, என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

அன்சுமானாவின் வாய் திறந்தது. ஏதோ வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு அங்கியின் கழுத்துப் பொத்தானைப் போட்டார். "என் கால்நடையால் தங்களுக்கு நேர்ந்த இடையூறுக்கு வருந்துகிறேன், திரு. ஃபாய் அவர்களே."

சிரிப்பு அப்படியே செத்துப்போனது. சாலியு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். மந்திரியை இழுத்துக்கொண்டு போனார்கள். மணி மறுபடி ஒழுங்காக அடிக்க ஆரம்பித்தது.

சாயங்காலம் சாவடி மூடியது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. போவார்களா? இந்த ஊரில் பிறந்த யாரும் பார்க்காததை இன்றைக்குப் பார்க்கப் போகிறார்கள். ஜன்னல் கம்பிகளில் ஒட்டிக்கொண்டார்கள். முன்னால் நின்றவர்களின் தோளில் பின்னால் நின்றவர்கள் ஏறினார்கள். மரத்தில் ஏறியவர்கள் கீழே இருப்பவர்களுக்கு நேர்முக வர்ணனை கொடுத்தார்கள்.

ஜைனபா முத்திரையை உடைத்துப் பீப்பாய்களைத் திறந்தாள். குழி குழியாகச் செதுக்கிய மரத்தட்டுகளில் கோலிகளைக் கொட்டினாள். குழிக்கு ஒரு கோலி. தட்டு நிறைந்தால் இவ்வளவு என்று கணக்கு. தட்டைச் சாய்த்து ஜன்னலுக்கு ஜன்னல் காட்டினாள். "பாத்துக்குங்க! ஒரு குழி காலியா இருக்கா? நல்லாப் பாத்துக்குங்க!"

"இல்ல!" என்று ஊர் கத்தியது.

"எத்தனை தட்டு?"

ஊர் எண்ணியது. சிவப்பும் நீலமும் சேர்ந்து எண்ணின. ஒரு தட்டு சிவப்பு, ஒரு தட்டு நீலம். மறுபடி சிவப்பு, மறுபடி நீலம். யாரும் முந்தவில்லை, யாரும் பிந்தவில்லை. சோவே கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டையே சொட்டியது.

கடைசித் தட்டு. சிவப்பு நின்ற இடத்துக்கு மேல் நீலக் கோலிகள் ஒன்பது குழி தள்ளிப் போயின.

நீலத்தின் கூச்சல் கூரையைத் தூக்கியது. சிவப்பு வாயடைத்து நின்றது. வாயடைத்தவர்களில் சிலர் குனிந்து காலையில் வரிசையில் வைத்த கற்களை எடுத்துக்கொள்வதை ஜைனபா ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

சாலியு கையெழுத்துப் போட்டார். பேனா அன்சுமானாவிடம் போனது. அவர் அதை மேசை மேல் நேராக வைத்தார்.

"எண்ணிக்கையில் எனக்குத் திருப்தி இல்லை என்று தெரிவித்துக்கொள்கிறேன். பீப்பாய்களைப் பெரிய டவுனுக்குக் கொண்டு சென்று எண்ணுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்."

"உங்க கண்ணு முன்னாலதானே எண்ணினோம்ணே! எந்தக் குழி தப்பு? காட்டுங்க, இன்னொரு தடவை எண்ணறேன்" என்றாள் ஜைனபா.

"தங்கள் உழைப்பைக் குறை கூறவில்லை, டீச்சர் அவர்களே."

குறை இல்லை, ஆனாலும் கையெழுத்து இல்லை. ஜைனபாவுக்கு விஷயம் புரிந்தது. லாரியில் போய்த் தோற்றால் லாரியைத் திட்டலாம், டயரைத் திட்டலாம், இருட்டைத் திட்டலாம். கண் முன்னால் தோற்றவன் யாரைத் திட்டுவான்? வெளியே கல்லோடு நிற்கும் தன் கட்சிப் பிள்ளைகளிடம் போய் எந்த முகத்தோடு சொல்வான்? இத்தனை நாள் ஊர் ஊராகப் போய்ப் பேசினாளே, இந்த ஒரு கேள்வியை அவள் யோசிக்கவே இல்லை. தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

வெளியே லாரி உறுமியது. சோவே உதட்டைப் பிதுக்கினார். "டீச்சர், நான் சொன்னேன்ல. சூரியன் விழறதுக்குள்ள ஏத்திடணும்."

"கொஞ்சம் பொறுங்க சார்!"

சாலியு பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியருகில் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார். ஜெயித்த முகமாக இல்லை. ஜைனபா நேராகப் போய் எதிரில் நின்றாள்.

"அண்ணே, நீங்க போய்க் கேளுங்க."

"எதைக் கேக்கணும்? ஜெயிச்சவன் நான். லாரியில போனாலும் அதே கோலிதான், அதே ஒன்பதுதான்."

"போன தடவை லாரியில போனப்ப நீங்க அப்படி நம்பினீங்களா?"

சாலியு தண்ணீரை உதறினார்.

"நான் கேட்டா அது சட்டம். சட்டத்துக்கு அவர் மாட்டேன்னு சொல்லலாம். நீங்க கேட்டா அது முறை. ஜோலாகிட்ட செரேர் வாய் விட்டுக் கேட்டா மாட்டேன்னு சொல்ல முடியுமா? நீங்களே சொல்லுங்க."

"முறையாம் முறை!" சாலியு சட்டென்று திரும்பினார். கண்ணில் இருந்தது தொட்டித் தண்ணீர் இல்லை. "மத்தியானம் பாத்தியே, நான் வாயத் தொறந்து அடிமைன்னு கூப்பிட்டேன். பொத்தானைப் போட்டுக்கிட்டு வருந்துகிறேன்றான். அதை விடு. எங்கம்மா மவுத்தானப்ப அவன் என்ன பண்ணான் தெரியுமா?"

"வந்தாரே. நான் பாத்தேனே."

"வந்தான். கையக் குலுக்கினான். 'ஆழ்ந்த இரங்கல்கள், திரு. ஃபாய் அவர்களே'ன்னான். போயிட்டான். ஒரு ஜோலா வந்து ஜனாஸா ஊர்வலத்த மறிக்க வேணாமா? 'வாங்கின அரிசியக் குடுக்காம எங்கடி ஓடறே கிழவி'ன்னு திட்ட வேணாமா? எங்கம்மா வாழ்நாள் பூரா அவனுக்குச் சோறு போட்டா, டீச்சர். அவன் வாயில ஒரு திட்டுக்கூட அவ பெறலையா? யாரோ அந்நியப் பொம்பள மாதிரி அனுப்பிட்டானே!"

வெளியே லாரி உறுமிக்கொண்டிருந்தது. ஜைனபாவுக்கு அழ நேரமில்லை. கோபம்தான் கைகொடுத்தது.

"அப்ப இதைப் போய் அவர்கிட்டச் சொல்லுங்க! தண்ணித் தொட்டிகிட்ட எதுக்குச் சொல்றீங்க? எங்க அக்கா கொட்டகை எரிஞ்சது உங்க ரெண்டு பேர் மரியாதையிலதான். இன்னிக்கு இன்னும் எத்தனை எரியணும்? கல்லு எடுத்துட்டாங்கண்ணே. நான் என் கண்ணால பாத்தேன். ஒரு வாய்த் திட்டுக்காக இந்த நாட்டையே லாரியில ஏத்தப் போறீங்களா?"

சாலியு அவளை முறைத்தார். அவளும் முறைத்தாள். பிறகு அவர் ஈர முகத்தைத் துடைக்காமலே விறுவிறுவென்று உள்ளே நடந்தார்.

அன்சுமானா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். பேனா அதே இடத்தில் இருந்தது. சாலியு அவர் முன்னால் போய் நின்றார். ஜன்னல்களில் இருந்த முகமெல்லாம் அசையாமல் பார்த்தன.

"டேய் அடிமை" என்றார் சாலியு.

அன்சுமானா நிமிரவில்லை.

"எங்கம்மா இன்னும் எங்க வீட்டு வாசல்லயே நிக்கறாடா. போக மாட்டேங்கறா. உன்கிட்ட ஒரு திட்டு வாங்காம எப்படிப் போவா?"

"நான் வந்திருந்தேன், திரு. ஃபாய் அவர்…"

"எவனோ ஆபீசர் வந்தான். என் அடிமை வரல."

அன்சுமானாவின் கை மெல்லக் கழுத்துப் பொத்தானுக்குப் போனது. போடுவதற்கு இல்லை, கழற்றுவதற்கு. பொத்தான் வராமல் அடம் பிடித்தது. அவர் இழுத்த இழுப்பில் அறுந்து மேசையடியில் உருண்டது.

"உங்கம்மா…" குரல் உடைந்தது. இருமினார். மறுபடி ஆரம்பித்தார். "உங்கம்மா வச்ச குழம்புல மீனைத் தேட வலை வேணும்டா! வலை போட்டாலும் தலைதான் வரும். நடுத்துண்டையெல்லாம் அவளே தின்னுட்டுத்தான் பரிமாறுவா!"

ஜன்னலில் யாரோ விக்கினார்கள். அது சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"எங்க வீட்டு அரிசிப் பானைய வாங்கிட்டுப் போனவ, திருப்பிக் குடுக்காம ஓடிட்டா, திருட்டுக் கிழவி! நல்ல வேளை செத்தா. இன்னும் ஒரு வருஷம் இருந்திருந்தா எங்க வயலையும் தின்னிருப்பா!" அன்சுமானா எழுந்தே விட்டார். கண்ணீர் தாடியில் வழிந்தது. அதைத் துடைக்காமல் கையை ஓங்கி ஓங்கித் திட்டினார். "போயிட்டு வாடி கம்பங்கூழு! பானைய உன் மகன்கிட்ட நான் வசூல் பண்ணிக்கறேன்! இந்தச் சோம்பேறி அடிமைய நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியாப் போ!"

சாலியு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே பெஞ்சில் விழுந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு, அம்மா செத்த அன்று அழாத அழுகையை அழுதார். அன்சுமானா அவர் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

"போதும்டா, மூக்கு ஒழுகுது. சொல்லு, எஜமான்கிட்ட என்ன கேக்க வந்தே?"

"கையெழுத்துடா."

"அவ்வளவுதானா? நான் மந்திரியைக் கேப்பியோன்னு பயந்துட்டேன்."

அன்சுமானா பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். ஆணி அடிப்பதுபோல் அழுத்திப் போட்டார். பிறகு சாலியுவின் அங்கியைப் பற்றி இழுத்துக்கொண்டு வாசல் படிக்கு வந்தார். வெளியே சிவப்புப் பிள்ளைகள் கல்லோடு நின்றார்கள். நீலப் பிள்ளைகளும் சும்மா நிற்கவில்லை.

"எவன்டா சொன்னது நான் தோத்தேன்னு?" என்று அன்சுமானா கர்ஜித்தார்.

ஜைனபாவுக்கு உயிர் போய் வந்தது.

"கவுன்சிலுக்குப் போய், கால் கடுக்க நின்னு, ரோடு குடு, தண்ணி குடு, டாக்டரைக் குடுன்னு கெஞ்சற வேலைடா அது! அந்த வேலைக்கு எஜமான் போவானா? அதான் என் அடிமைய அனுப்பறேன். ஒன்பது கோலி நான்தான் வழிச்செலவுக்குக் குடுத்தேன். ஒழுங்கா வேலை செய்யலைன்னா வர்ற தேர்தல்ல, இதே இடத்துல, உங்க கண்ணு முன்னாலயே எண்ணி, நானே இவனை வீட்டுக்கு அனுப்பறேன்!"

"சோத்துப் பானை பேசுது, கேட்டுக்குங்கடா!" என்றார் சாலியு.

மரத்தின் மேலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அது கிளை கிளையாக இறங்கி வாசல் முழுக்கப் பரவியது. கற்கள் ஒவ்வொன்றாகத் தொப்பென்று மண்ணில் விழுந்தன. கூட்டத்திலிருந்த செரேர் ஒருவன் பக்கத்திலிருந்த ஜோலாவின் தொப்பியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டான். "திருடன்! திருடன்!" என்று ஜோலா துரத்தினான். இரண்டு வருஷத் திட்டு பாக்கி இருந்தது. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் தீர்க்க ஆரம்பித்தது. மீன்காரிகள் தாளத்தோடு கைதட்ட, யாரோ மேளத்தைக் கொண்டு வந்தார்கள். ஜைனபாவின் அக்கா அந்தக் கூட்டத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். அவள் எப்போது வந்தாள் என்று ஜைனபாவுக்குத் தெரியவில்லை.

ஜைனபா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷத்தில் அழுகை வந்தது. அழுதாள். போகட்டும், டீச்சர் அழக் கூடாதென்று எந்தச் சட்டம்?

லாரியின் உறுமல் நின்றது. சோவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தலைநகருக்கு அனுப்ப வேண்டிய செய்தி அவர் போனில் பாதியில் நின்றது.

"எல்லாம் சரி டீச்சர். இதை எப்படி நான் மேலிடத்துக்குச் சொல்றது? ஒரே வரியில கேப்பாங்க."

ஜைனபா முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"வேட்பாளர் இருவரும் மரியாதையில்லாமல் ஒப்புக்கொண்டார்கள்னு அனுப்புங்க சார்."